ஏரி உடைப்பும் மேல்வீட்டுக் கசிவும்: தற்செயல் நீர்ச்சேதத்திற்கான பொறுப்பு – திருவண்ணாமலையை முன்வைத்து ஒரு சட்ட வரலாற்று ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

அடுக்குமாடிக் குடியிருப்பில் மேல்வீட்டு நீர் தற்செயலாகக் கீழ்வீட்டைச் சேதப்படுத்தும்போது, தவறு மெய்ப்பிக்கப்படாத வரை இழப்பு கீழ்வீட்டாருடனேயே தங்கிவிடுகிறது. இந்நெறியின் இந்திய வேர் 1874இல் வடஆர்க்காட்டு ஏரிகள் இரண்டைக் குறித்துப் பிரிவி கவுன்சில் வழங்கிய தீர்ப்பில் உள்ளது. ஏரியின் பொதுப்பயன் என்ற அடிப்படையில் அன்று அளிக்கப்பட்ட விலக்கு, அப்பொதுப்பயனோடு சேர்ந்திருந்த பொதுச்சுமையை விட்டுவிட்டு, பின்னாளில் குழாய்க்கும் குளியலறைக்கும் உரிய நெறியோடு ஒன்றாகிவிட்டது என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: நீர்ச்சேதம், தீங்கியல் சட்டம், கார்வேட்டிநகரம் வழக்கு, குடிமராமத்து, அடுக்குமாடிக் குடியிருப்பு, காப்பீடு

முன்னுரை

மேல்வீட்டுக் குளியலறைச் சுவருக்குள் பதிக்கப்பட்ட குழாய் வெடிக்கிறது. கீழ்வீட்டுக் கூரைப்பூச்சு உதிர்கிறது; மின்கம்பிகள் நனைகின்றன; மரத் தளவாடங்கள் ஊதிப் பாழாகின்றன. மேல்வீட்டார் செய்த பிழை என்று எதையும் காட்ட இயலவில்லை. இருவரில் எவரிடமும் காப்பீடு இல்லை. இழப்பு யாரைச் சாரும்?

தனிவீடுகளும் மடங்களும் சத்திரங்களும் நிறைந்திருந்த திருவண்ணாமலைக்கு இக்கேள்வி புதியது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை ஒட்டிய பகுதிகள் குடியிருப்புகளாக மாறியதும், 2024இல் நகராட்சி மாநகராட்சியாக உயர்ந்ததும் ஒரே வளர்ச்சியின் இரு முகங்கள். அவ்வளர்ச்சியோடு, ஒருவர் தளமே மற்றவர்க்குக் கூரையாகும் வாழ்முறையும் வந்தது. ஆனால் கேள்வியின் உள்ளடக்கம் புதியதன்று. மேலே தேங்கிய நீர் கீழே உள்ளவரைத் தாக்கினால் யார் பொறுப்பு என்பது ஏரிகளின் நாடான தொண்டை மண்டலத்தில் தொன்றுதொட்டு எழுந்துவந்த வினா. இன்று சென்னை உயர்நீதிமன்றத்தின் கீழ் எந்த நீதிமன்றத்தில் இவ்வழக்கு எழுந்தாலும், வாதம் இறுதியில் சென்று தொடும் முன்தீர்ப்பும் ஓர் ஏரி உடைப்பைப் பற்றியதே.

லங்காஷயர் நீர்த்தேக்கம்

1860இல் இங்கிலாந்தின் லங்காஷயரில் ரைலண்ட்ஸ் என்னும் ஆலை உரிமையாளர் தம் ஆலைக்கென ஒரு நீர்த்தேக்கம் அமைத்தார். அதனடியில் கைவிடப்பட்ட சுரங்கக் குழிகள் இருந்தன. நீர் அவற்றின் வழியே இறங்கி, பிளெட்சர் என்பவரின் நிலக்கரிச் சுரங்கத்தை நிறைத்தது. ஒப்பந்தக்காரர்கள் கவனக்குறைவாக இருந்தனர். ரைலண்ட்ஸ் மீது தனிப்பட்ட தவறு இல்லை. ஆயினும் வெளியேறினால் தீங்கு விளைவிக்கக்கூடிய ஒன்றைத் தன் நிலத்தில் கொணர்ந்து சேர்ப்பவன், அது வெளியேறி விளைத்த இழப்புக்குத் தவறில்லாமலே பொறுப்பாளி என்று 1866இல் நீதிபதி பிளாக்பர்ன் கூறினார். 1868இல் பிரபுக்கள் அவை அதை உறுதிசெய்தது. நிலத்தை இயல்புக்கு மாறாகப் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்னும் நிபந்தனையை கெய்ர்ன்ஸ் பிரபு அதனோடு இணைத்தார். தமிழ்ச் சட்ட நூல்களில் இது கடும்பொறுப்பு நெறி எனப்படும்.

இந்நெறி அப்படியே இந்தியாவுக்கு வந்திருந்தால், ஒவ்வோர் ஏரிக்கரையும் ஒரு வழக்கின் வித்தாக இருந்திருக்கும்.

கார்வேட்டிநகரத்து ஏரிகள்

அத்தேர்வு உடனடியாகவே வந்தது. மதராஸ் ரயில்வே கம்பெனியின் வடமேற்குப் பாதை அரக்கோணத்திலிருந்து திருத்தணி, புத்தூர் வழியாகச் சென்றது. இப்பாதை செல்லும் வட்டாரத்தில் இருந்த கார்வேட்டிநகரம் ஜமீன் அப்போது வடஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. ஜமீனுக்குட்பட்ட இரண்டு ஏரிகள் பெருமழையில் உடைந்து, வெள்ளம் இருப்புப்பாதையையும் அதன் கட்டுமானங்களையும் அடித்துச் சென்றது. கம்பெனி ஜமீன்தாரிடம் இழப்பீடு கோரியது. ஜமீன்தாரிடம் கவனக்குறைவு இல்லை என்பது இந்திய நீதிமன்றங்களின் முடிவு. ஆகவே கம்பெனிக்கு எஞ்சிய ஆயுதம் ரைலண்ட்ஸ் நெறி ஒன்றே: நீரைத் தேக்கியவர் தவறில்லாமலும் பொறுப்பாளி.

1874இல் பிரிவி கவுன்சில் இவ்வாதத்தை ஏற்கவில்லை. அது காட்டிய காரணங்கள் நுணுகி நோக்கத்தக்கவை. இவ்வேரிகள் மிகப் பழமையானவை. இந்து, இசுலாமியச் சட்டங்களாலும் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஒழுங்குமுறைகளாலும் ஏற்கப்பட்ட ஒரு நாட்டுப் பாசன அமைப்பின் உறுப்புகள். பெருந்தொகையான மக்களின் வாழ்வே அவற்றைச் சார்ந்தது. மேலும் ஜமீன்தார் ரைலண்ட்ஸைப் போலத் தம் நலத்துக்காகத் தம் விருப்பப்படி நீரைத் தேக்கியவர் அல்லர். ஏரியை மூடிவிட அவருக்கு உரிமையில்லை. அதைப் பேணுவதும் பழுதுபார்ப்பதும் அவருடைய நில உரிமையோடு பிணைந்த கடமை. எனவே அவர், சட்டத்தால் ஒரு பொதுக்கடமை சுமத்தப்பட்ட அமைப்பை ஒத்தவர். கவனக்குறைவு இருந்தாலன்றிப் பொறுப்பில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் எடுக்கப்பட்ட முழுமையற்ற கணக்கு ஒன்றின்படியே, மதராஸ் மாகாணத்தின் 14 மாவட்டங்களில் பயன்பாட்டிலிருந்த ஏரிகள் 43,000, பழுதுபட்டவை 10,000. இத்தனை நீர்நிலைகளின் மீதும் தவறில்லாப் பொறுப்பைச் சுமத்துவது மாகாணத்தின் வேளாண்மையையே வழக்குமன்றத்தில் நிறுத்துவதாகும். அவ்வகையில் தீர்ப்பு சரியானதே. நில இயல்பை உணர்ந்து அயல்நாட்டு நெறியைத் தளர்த்திய அரிய காலனியத் தீர்ப்புகளுள் அதற்கு இடமுண்டு.

ஆயினும் தீர்ப்பு யார் தலையில் இழப்பை விட்டது என்பதைக் கேட்டாக வேண்டும். இருப்புப்பாதை அவ்வேரிகளின் ஆயக்கட்டில் அடங்கியதன்று. ஏரி நீரால் கம்பெனிக்கு ஒரு பயனும் இல்லை. பயன் பெறாத ஓர் அயலார், பயன் பெற்றோரின் பொருட்டு இழப்பைத் தாங்கினார். இம்முடிவு கொடுமையாகத் தோன்றாமற் போனதற்கு ஒரு காரணம் வழக்கின் விளிம்பில் கிடக்கிறது. தீர்ப்பு தன் வாதத்தை அதன்மேல் கட்டவில்லை. மதராஸ் ரயில்வே கம்பெனி அரசின் உத்தரவாதம் பெற்ற நிறுவனம். முதலீட்டுக்கு 5 விழுக்காடு வட்டி உறுதி. நிகர வருவாய் அதற்குக் குறைந்தால் குறையை இந்திய வருவாயிலிருந்து அரசு ஈடுசெய்யும். அவ்வருவாயின் பெருங்கூறு நிலவரி. ஏரிப்பாசன நிலங்கள் செலுத்திய வரியும் அதில் அடக்கம். அதாவது, காப்பீடு என்று பெயர் பெறாத ஒரு காப்பீடு கம்பெனியின் பின்னே நின்றது. அதன் தவணையைக் கட்டியவர்களில் ஏரியின் கீழ்ப் பயிரிட்ட உழவரும் இருந்தனர். முறையான பொதுக்காப்பீட்டு நிறுவனம் இந்தியாவுக்குப் புதிதன்று. டிரைடன் நிறுவனம் 1850இலேயே கல்கத்தாவில் தோன்றியிருந்தது. ஆனால் ஏரிக்கரைக்கும் கூரைவீட்டுக்கும் அது எட்டாத பொருள்.

சுமையைப் பங்கிட்ட முறை

கார்வேட்டிநகரம் ஜமீன் பகுதி. திருவண்ணாமலை வட்டமோ அப்போது தென்ஆர்க்காட்டைச் சேர்ந்தது. பெரிதும் இரயத்துவாரி முறைக்கு உட்பட்டது. (1911இன் மாவட்டச் சீரமைப்பில் சித்தூர் மாவட்டம் பிரிந்து கார்வேட்டிநகரம் வடஆர்க்காட்டை விட்டு நீங்கியது; அதே சீரமைப்பில் திருவண்ணாமலை வடஆர்க்காட்டுக்குள் வந்தது. வரலாற்றில் இவ்விரு ஊர்களும் ஒரே மாவட்டத்தில் சந்திக்காமலே விலகிச் சென்றன.) இரயத்துவாரிப் பகுதியில் ஜமீன்தாரின் இடத்தில் அரசே நின்றது. ஏரியின் பெரும்பழுதுகள் அரசைச் சார்ந்தன. சிறுபழுதுகள் ஊராரின் குடிமராமத்தைச் சார்ந்தன.

இங்கே சட்ட வரலாற்றாசிரியர் பலர் கடந்துவிடும் ஒரு கூறு உண்டு. பழைய ஏரி அமைப்பில் பொறுப்பு என்பது சேதம் நேர்ந்தபின் பணமாகக் கணக்கிடப்பட்ட ஒன்றன்று. சேதம் நேராதிருக்க முன்கூட்டியே உழைப்பாகவும் நிலமாகவும் கொடுக்கப்பட்ட ஒன்று. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுள் அறுவரை ஏரி வாரியத்துக்கு ஒதுக்குகின்றன. ஏரிப்பட்டி என்ற பெயரில் ஏரியின் பராமரிப்புக்கென நிலங்கள் விடப்பட்டன. தூர் வாருதல், கரைக்கு மண்ணிடுதல், மதகையும் கலிங்கையும் பேணுதல் ஆகிய அனைத்தும் பயன்பெறுவோரின் பங்காக அமைந்தன. கலிங்கு என்பதே ஒரு சட்டக் கருத்தின் கல்வடிவம் எனலாம்: மிகுநீர் எவ்வழியே, எவர் நிலத்தினூடே, எந்த அளவில் வெளியேறும் என்பதை ஊர் முன்னரே முடிவுசெய்துகொண்ட இடம் அது.

பிரிட்டிஷ் அரசு இவ்வழக்கத்தைச் சட்டமாக்கவும் செய்தது. 1858ஆம் ஆண்டின் மதராஸ் கட்டாய உழைப்புச் சட்டம், கரை உடையும் இடர் தோன்றும்போது உழைப்பாளரைத் திரட்ட வகைசெய்தது. வழக்கமான குடிமராமத்து உழைப்பைத் தர மறுப்போரிடம் அவ்வுழைப்பின் மதிப்பைப் போல் இருமடங்கு வசூலிக்க இடமளித்தது. சாதியடுக்கில் கீழிருந்தோரின் முதுகிலேயே இவ்வுழைப்பு பெரிதும் இறங்கியது என்பதால் இதனைப் பொற்காலமாகச் சித்திரிக்க இடமில்லை. எனினும் அமைப்பின் தர்க்கம் தெளிவானது. நீரால் பயன் பெறுவோர் நீரின் இடரையும் தமக்குள் பங்கிட்டனர். 1874ஆம் ஆண்டுத் தீர்ப்பில் இந்த அமைப்பின் முதற்பாதி, அதாவது ஏரி பொதுப்பயன் உடையது என்பது, நெறியாக உறைந்தது. பேணும் கடமையையும் அது குறிப்பிட்டது. ஆனால் பயன்பெறுவோர் இடரைப் பங்கிட்ட முறை நெறிக்குள் வரவில்லை. இருபதாம் நூற்றாண்டில் குடிமராமத்து நலிந்தது. 2017இல் தமிழக அரசு அப்பெயரில் திட்டம் ஒன்றைத் தொடங்கியபோது அது பெரிதும் அரசு நிதியால் நடக்கும் பணியாகவே இருந்தது.

குழாய்க்கு இறங்கிய நெறி

ஏரிக்குக் கிடைத்த விலக்கைக் குழாய்க்கும் பெற்றுத் தந்தது 1913ஆம் ஆண்டின் ரிக்கார்ட்ஸ் – லோதியன் வழக்கு. மெல்போர்னில் ஒரு மாடிக் கட்டடம்; நான்காம் தளக் கழுவுதொட்டியின் வடிகுழாயை அடைத்து, குழாயை முழுதும் திறந்துவிட்டு எவரோ சென்றுவிட்டார். இரண்டாம் தளத்தில் இருந்த லோதியனின் சரக்குகள் நனைந்தன. கட்டட உரிமையாளர் பொறுப்பல்லர் என்றது பிரிவி கவுன்சில். அயலாரின் தீச்செயல் என்பது ஒரு காரணம். மோல்டன் பிரபு கூறிய மற்றொரு காரணமே பின்னாளில் வேரூன்றியது: வீட்டின் பல பகுதிகளுக்கும் நீர் வழங்குதல் கட்டடத்தின் சாதாரணப் பயன்பாடு, இன்றைய நலவாழ்வுக் கருத்துப்படி ஏறத்தாழ இன்றியமையாதது, ஆகவே கடும்பொறுப்புக்கு இடமில்லை.

இவ்விரு தீர்ப்புகளையும் பாடநூல்கள் கடும்பொறுப்பின் விதிவிலக்குகள் என ஒரே வரிசையில் வைக்கின்றன. இவ்வரிசைப்படுத்தல் தவறான தோற்றத்தைத் தருகிறது. ஜமீன்தார் விலக்குப் பெற்றது, அவர் பிறர் பொருட்டு நீரைத் தேக்கக் கடமைப்பட்டவர் என்பதால். மாடிக் கட்டட உரிமையாளர் விலக்குப் பெற்றது, எல்லோரும் அவ்வாறே செய்கின்றனர் என்பதால். முன்னது பொதுக்கடமை, பின்னது வெறும் வழக்கம். தமிழக நீதிமன்றம் ஒன்றில் மேல்வீட்டார் சார்பில் இவ்விரண்டும் ஒருசேர எடுத்துவைக்கப்படும்போது, ஏரியின் பெருமை குளியலறைக்கும் கிடைத்துவிடுகிறது.

விடுதலைக்குப் பின் உச்சநீதிமன்றம் வேறொரு வழியைத் திறந்தது. பஞ்சாபில் அரசுக் கால்வாய் உடைந்து மாடர்ன் கல்டிவேட்டர்ஸ் என்னும் நிறுவனத்தின் நிலங்களை மூழ்கடித்த வழக்கில், ரைலண்ட்ஸ் நெறியை இந்தியக் கால்வாய்களுக்குப் பொருத்துவது கடினம் என 1964இல் நீதிபதி இதாயத்துல்லா கருதினார். ஆனால் நன்கு பேணப்படும் கால்வாய் தானாக உடைவதில்லை. உடைப்பே கவனக்குறைவுக்குச் சான்று என்று கொண்டு அரசைப் பொறுப்பாக்கியது நீதிமன்றம். நெறி பழையதே, மெய்ப்பிக்கும் சுமை மட்டும் இடம் மாறியது. கீழ்வீட்டாருக்கு 1874ஐ விட இத்தீர்ப்பே துணையானது என்பதைக் கீழமை நீதிமன்ற வாதங்களில் போதிய அளவு காண முடிவதில்லை என்பது வியப்பே.

காப்பீடு வெளிப்படையாக நெறிக்குள் நுழைந்தது 2003இல். இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட்டில் மாநகர மன்றத்துக்குரிய அடுக்குமாடிக் குடியிருப்புக்கு நீர் கொண்டுசென்ற குழாய் கசிந்து, கைவிடப்பட்ட இருப்புப்பாதைக் கரை ஒன்றைச் சரித்தது. கரைக்குள் சென்ற எரிவாயுக் குழாய் அந்தரத்தில் தொங்கியது. (கார்வேட்டிநகரத்துக்குப் பின் நூற்றாண்டு கடந்து மீண்டும் ஓர் இருப்புப்பாதைக் கரை.) டிரான்ஸ்கோ நிறுவனம் பழுதுபார்த்த செலவைக் கோரியது, பிரபுக்கள் அவை மறுத்தது. பாதிக்கப்பட்டவர் முன்கூட்டியே காப்பீடு செய்திருக்க வேண்டும் என எதிர்பார்க்கத்தக்க இழப்பா என்று கேட்பது பயனுள்ள அளவுகோல் என்றார் ஹாஃப்மன் பிரபு. அங்கு அது நடைமுறை அறிவு. சொத்துக் காப்பீடு பரவலாக உள்ள நாட்டில், இழப்பு விழுந்த இடத்திலேயே தங்கட்டும் என்பதன் பொருள், காப்பீட்டு நிறுவனத்திடம் போய்ச் சேரட்டும் என்பதே.

இதற்கு நேரெதிர் முனையில் நிற்பது 2001இல் உச்சநீதிமன்றம் முடிவு செய்த கௌஷ்நுமா பேகம் வழக்கு. டயர் வெடித்துக் கவிழ்ந்த ஜீப்பால் ஒருவர் இறந்தார், ஓட்டுநரிடம் தவறில்லை. நீதிமன்றம் ரைலண்ட்ஸ் நெறியை வாகன விபத்துக்கு நீட்டி இழப்பீடு வழங்கியது. கட்டாய வாகனக் காப்பீடு பின்னணியில் இருந்ததால் அந்நீட்சி எளிதாயிற்று என்று கொள்வது மிகையாகாது. 1991ஆம் ஆண்டின் பொதுப்பொறுப்புக் காப்பீட்டுச் சட்டமும் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. ஆனால் ஆபத்தான வேதிப்பொருள்களைக் கையாள்வோருக்கு மட்டுமே. குழாய் நீர் அதில் இடம்பெறாது.

திருவண்ணாமலையின் மேல்வீடும் கீழ்வீடும்

ஆக, இழப்பைக் கீழ்வீட்டாரிடமே விட்டுவைக்கும் நெறிக்கு வரலாறு மூன்று நியாயங்களைத் தந்துள்ளது: பொதுக்கடமை, சாதாரணப் பயன்பாடு, பாதிக்கப்பட்டவரின் காப்பீடு. காப்பீடில்லா அடுக்குமாடியில் முதலாவதும் மூன்றாவதும் இல்லை. இரண்டாவது மட்டும் எஞ்சுகிறது. மூன்றிலும் வலுக்குறைந்தது அதுவே.

இங்கே மொட்டைமாடியின் மேல்நிலைத் தொட்டியையும் மேல்வீட்டின் உட்குழாயையும் பிரித்துப் பார்ப்பது இன்றியமையாதது. மேல்நிலைத் தொட்டி எல்லா வீட்டுக்கும் உரியது. கீழ்வீட்டாரும் அதன் ஆயக்கட்டினர். அது நிரம்பி வழிந்தால், பொதுச்சொத்துகளின் பராமரிப்பை உரிமையாளர் அனைவர் மீதும் பங்குவாரியாகச் சுமத்தும் அடுக்குமாடி உரிமையாளர் சட்டத்தின் (1994, அதன் இடத்தில் வந்த 2022 சட்டம்) வழியே சங்கம் இழப்பைப் பங்கிடுவது ஏரி வாரியத்தின் தர்க்கத்தோடும் ஒத்துப்போகும். உட்குழாயின் பயன் மேல்வீட்டாருக்கு மட்டுமே. அதைத் திறந்து பார்க்கவோ பழுதுநீக்கவோ கீழ்வீட்டாருக்கு உரிமையில்லை. பயன் முழுவதும் ஒருவருக்கு, இடர் முழுவதும் மற்றவருக்கு என்னும் இந்நிலை கார்வேட்டிநகரத்தை விட லங்காஷயரையே நெருங்கி நிற்கிறது. 1882ஆம் ஆண்டின் இசைவுரிமைச் சட்டம் மேல்நிலத்து இயற்கை நீரைக் கீழ்நிலம் ஏற்க வேண்டும் என்பதைக் கொண்டு வாதிடுவாரும் உளர். ஆனால் அச்சட்டம் பேசுவது இயல்பாக ஊறும், பொழியும் நீரைப் பற்றி. மின்மோட்டார் ஏற்றிய நீர் அதனுள் அடங்காது.

காப்பீட்டுத் துறையும் கேள்வியைப் பாதியளவே தீர்க்கிறது. 2021 ஏப்ரல் முதல் பொதுக்காப்பீட்டு நிறுவனங்கள் வழங்கும் பாரத் கிருஹ ரக்ஷா என்னும் நிலைப்படுத்தப்பட்ட வீட்டுக் காப்பீடு, நீர்த்தொட்டியும் குழாயும் வெடித்தல் அல்லது வழிதல் என்னும் இடரை உள்ளடக்குகிறது. ஆனால் அது காப்பீடு செய்தவர் தம் வீட்டுக்கும் பொருளுக்கும் பெறும் காப்பு. அவர் பிறர்க்கு விளைத்த சேதத்துக்கான பொறுப்புக் காப்பு அன்று. எனவே காப்பீட்டை எடுக்க வேண்டியவர் நீரை வைத்திருப்பவர் அல்லர், நீருக்குக் கீழே இருப்பவர். ஹாஃப்மன் பிரபுவின் அளவுகோல் இவ்வூருக்குச் சொல்லாமலே வந்துவிட்டது. அது முன்னிறுத்திய காப்பீட்டுப் பழக்கம் மட்டும் வரவில்லை. தமிழில் பொறுப்பு என்னும் சொல் பொறுத்தல் என்பதன் வழிவந்தது. சுமத்தலும் சகித்தலும் அதனுள் ஒன்றாய் உறைகின்றன. இந்நெறியின் கீழ் இரண்டையும் செய்பவர் ஒருவரே.

தனிவீட்டு எல்லையைக் கடந்தால் இவ்வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரைகடந்தது. மறுநாள் திருவண்ணாமலை மலைச்சரிவு வ.உ.சி. நகர் வீடொன்றைப் புதைத்து ஏழு உயிர்களைப் பலிகொண்டது. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து 1,68,000 கனஅடி வரை நீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணைக் கரையோரம் மூழ்கியது. முன்னறிவிப்பு ஒழுங்காகத் தரப்பட்டதா என்பது அரசுக்கும் எதிர்க்கட்சிகளுக்கும் இடையே பூசலாயிற்று. விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 2,000 ரூபாய் அறிவிக்கப்பட்டது. அதற்குப் பெயர் நிவாரணம்; இழப்பீடு அன்று. இழப்பீடு பொறுப்பை ஒப்புக்கொள்வது. நிவாரணம் அதைக் கேளாமலே கடப்பது. அணையின் முன் 1874ஆம் ஆண்டு நெறி இன்றும் உயிரோடு நிற்பதை அச்சொல் தேர்விலேயே காணலாம்.

மேல்வீட்டுக் குழாயிடம் மீண்டால், நடைமுறையில் வழக்கு ஒரே புள்ளியில் நிற்கிறது: கசிவை மேல்வீட்டார் எப்போது அறிந்தார்? முதற்கசிவு தற்செயல். அறிவிக்கப்பட்ட பின்னும் நிறுத்தப்படாத இரண்டாவது கசிவு கவனக்குறைவு. சுவருக்குள் பதிந்த குழாய் முழுதும் மேல்வீட்டாரின் கட்டுப்பாட்டில் இருப்பதால், 1964ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி, முதல் உடைப்பிலேயே விளக்கம் தரும் சுமையை அவர்மேல் வைக்க இடமுண்டு. நாளிட்ட எழுத்து அறிவிப்பு, சங்கத்தின் பதிவேட்டில் ஒரு குறிப்பு, குழாய்ப்பணியாளர் கண்டதைச் சான்றாக எழுதி வாங்கிய தாள் ஆகியவையே இவ்வழக்குகளின் கல்வெட்டுகள். அவை இல்லாத வீட்டில் 1874 வெல்லும்.